ஒவ்வாமை உள்ள பிள்ளைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் ஒரு படிவம் கொடுத்து அனுப்புகிறோம். அதில் அலர்ஜி பற்றிய கேள்விக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: பிள்ளை எதைச் சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, முதலில் என்ன தெரிந்தது, எதைக் கொடுத்தபின் அடங்கியது. ஒவ்வாமை மருத்துவர் முதலில் கேட்பதும் இதைத்தான். எந்தப் பரிசோதனையும் இந்த விவரத்துக்குத் துணையாக வருவதே தவிர, அதன் இடத்தைப் பிடிக்காது.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், உணவு ஒவ்வாமை உள்ள உடலில் அந்த உணவின் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் முன்பே உருவாகி, தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் தற்காப்புச் செல்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே புரதம் மறுபடி உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைக் கொட்டிவிடும். அதனால் சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், காணாக்கடி, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு எனத் தெரிந்துவிடும். நேற்று மதியம் சாப்பிட்ட கத்தரிக்காய்க்கும் இன்று காலை வந்த சொறிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது, தோலிலோ மூச்சிலோ ஒன்றுமில்லை என்றால் அது அநேகமாக லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை செரிக்காத கோளாறு. சங்கடம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

‘கடலை ஆகாது’ என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் போதாது. வேர்க்கடலையா, பொட்டுக்கடலையா, முந்திரியா என்று பிரித்து எழுதுங்கள். வேர்க்கடலை என்றால் கடலை மிட்டாயோடும் சட்னியோடும் முடிவதில்லை. சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று பல வீடுகளில் இப்போது செக்கெண்ணெய்க்கு மாறியிருப்பதால், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் டப்பாவிலிருந்து வரும் ஒரு வாய் பொரியல்கூடச் சிக்கலாகலாம். முந்திரியானால் பொங்கலில் கண்ணுக்குத் தெரியும், குருமாவில் அரைத்திருந்தால் தெரியாது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு நண்டும் ஒத்துக்கொள்ளாது.

பரிசோதனை பற்றிப் பெற்றோர் பலரும் குழம்புகிறார்கள். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையில், 15 நிமிடம் கழித்து எழும் தடிப்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘பாசிட்டிவ்’ என்பார்கள். அதற்கு முன் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் நாள்கள், பொதுவாக ஒரு வாரம்வரை, நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவு பொய்க்கும். ஐஜிஇ ரத்தப் பரிசோதனைக்கு அப்படி நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலுமே பாசிட்டிவ் என்றால் உடல் அந்த உணவை அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைச் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தாளைப் பார்த்து முட்டையையும் கோதுமையையும் நிறுத்துவது தவறு. பிள்ளை இளைத்துப்போவதுதான் மிச்சம். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளின் பெயரில் நூற்றுக்கணக்கான உணவுகளைப் பட்டியலிட்டுத் தரும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். சாப்பிட்டு வரும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு, அது நோயைக் காட்டாது. சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அதை வீட்டில் முயல வேண்டாம்.

பள்ளியில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல பழக்கத்தை நாங்கள் தடுக்கப்போவதில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளை மட்டும் தன் டப்பாவிலிருந்தே சாப்பிட வேண்டும். அதைத் தனியே உட்காரவைக்க மாட்டோம். சாப்பிட்ட பிறகு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை அகற்றாது. பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுப்பவர்கள் உறையோடு கொடுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா போன்றவை சேர்ந்திருந்தால் உறையில் அறிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. உதிரியாக வாங்கும் இனிப்பில் அதைப் பார்க்க வழியில்லை.

இனி, அவசர நேரம். தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தால் மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்து கவனிப்போம். குரல் கம்மினாலோ, விடாமல் இருமினாலோ, மூச்சு இளைத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பிள்ளை துவண்டாலோ அது அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். அவில், செட்டிரிசின் அரிப்பை அடக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றாது. மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரலாம். குளவி, தேனீ கொட்டியும் வரும். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்காது.

அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கி நிறுத்தவோ நடக்கவைக்கவோ கூடாது. ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் வெளியே கசிந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். எழுந்து நின்றால் மிச்சமும் காலுக்கு இறங்கி, நொடிகளில் இதயம் நின்றுவிடலாம். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துவோம். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரவைப்போம். கழிப்பறைக்குப் போகக் கேட்டாலும் விட மாட்டோம். 108க்கு அழைத்த பிறகுதான் உங்களுக்கு அழைப்போம், இதற்காக வருத்தப்படாதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே தீருவோம், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

தானாகப் பாயும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மருத்துவர் எழுதித் தரும் அட்ரினலின் ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) இரண்டும் 1 மி.லி. சிரிஞ்சு இரண்டும் ஒரு டப்பாவில் போட்டு, பிள்ளையின் பெயர், புகைப்படம், அளவு எழுதிய மருத்துவரின் தாள், உங்கள் கையெழுத்திட்ட அனுமதி ஆகியவற்றோடு அலுவலகத்தில் கொடுங்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போடுவார்கள். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள மருந்தில் கிலோவுக்கு 0.01 மி.லி., அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மி.லி. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு ஊசி. ஆம்பூல் இரண்டு கேட்பது அதற்குத்தான். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள், உறைய வைக்கவும் வேண்டாம். நிறம் மாறிய மருந்து உதவாது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை உள்ளிழுக்கும் குழலான ஸ்பேசரும் பையிலேயே இருக்கட்டும். இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்குத்தான் உணவு ஒவ்வாமை உயிர்க்கொல்லியாகும் அபாயம் அதிகம்.

படிவத்தில் பிள்ளையின் எடையைக் குறிக்கத் தவற வேண்டாம். எடை ஏற ஏற ஊசியின் அளவும் மாறும் என்பதால், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எடை பார்த்து உங்களுக்குச் சொல்லி அனுப்புவோம். அப்போது மருத்துவரிடம் காட்டி, புதிய அளவு எழுதிய தாளை வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்