கருவாட்டில் கிடக்கும் மணிகள்: கப்பல் விதிகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் கூடி, உலகத்துச் சரக்குக் கப்பல்களுக்கு விதி வகுக்கும் நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் மைனி நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கருவாட்டில் கல்லும் மண்ணும் பொறுக்குவது எப்போதும் உள்ளதுதான். இப்போது அதோடு பிளாஸ்டிக் மணியும், அதாவது பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குகிற மூலப்பொருளும், சேர்ந்துவிட்டது. வெள்ளை நிறம், ஜவ்வரிசி அளவு. சிலது மீனின் செவுளுக்குள் போய் இறுகி உட்கார்ந்திருக்கிறது. புடைத்தால் போகாது. தண்ணீரில் அலசலாம் என்றால் கருவாடு நைந்துவிடும். விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தால்தான் உண்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தேன். இரண்டு கிலோ கருவாட்டுக்கு இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் நான் டீ குடிக்க எழுந்தபோது மைனி சொன்னார்: "மக்களே, வெளிச்சம் இருக்கும்போதே பெறக்கிருவோம். லைட்டு வெட்டத்துல மீனும் இதுவும் ஒண்ணுபோலத் தெரியும்." நான் டீயை மறந்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ஒரு சரக்குக் கப்பல் சாய்ந்து, கேரளக் கடலில் மூழ்கியது. லைபீரியக் கொடி, 640 கண்டெய்னர்கள். மாலுமிகள் 24 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் நிம்மதி. 2017-இல் ஒக்கிப் புயலின்போது, போனவர்கள் திரும்புவார்களா என்று நாள் கணக்கில் கரையில் நின்ற ஊர்கள் எங்களுடையவை. கடலில் யார் தவித்தாலும் எங்களுக்கு வலிக்கும்.

அப்போது எல்லோரும் எண்ணெயைப் பற்றிப் பேசினார்கள். 12 கண்டெய்னரில் இருந்த கால்சியம் கார்பைடைப் பற்றிப் பேசினார்கள். மூட்டை மூட்டையாக இருந்த பிளாஸ்டிக் மணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதே கரையில் இருந்தவர்களுக்குப் பல நாள் தெரியாது. சரக்குப் பட்டியலுக்கு முன்பே மணி வந்து சேர்ந்துவிட்டது. முதலில் திருவனந்தபுரம் கரை, அப்புறம் எங்கள் குமரி மாவட்டத்துக் கரைகள், அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம்வரை.

சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். கையுறை, சல்லடை, சாக்குப்பை எல்லாம் கொண்டுவந்து, வெயிலில் குனிந்து குனிந்து மணலைச் சலித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் அலை புரட்டி மணலுக்குள் புதைத்ததை யார் சலிக்க முடியும்? ஆடியில் கடல் கரையை அரித்தபோது ஒரு தடவை மேலே வந்தது. கடல் மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டபோது மூடிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு மறுபடியும் தெரிந்தது. கப்பல் மூழ்கி மாதங்கள் பல ஓடிவிட்டன. செய்தியில் அது முடிந்துபோன கதை. எங்கள் முறத்தில் முடியவில்லை.

கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையான கரமடியை இழுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரமடியின் அடிப்பையில் கண்ணி மிகச் சிறியது, நெத்திலி நழுவிப் போகக் கூடாது என்பதற்காக. நெத்திலியைப் பிடிக்கிற கண்ணி மணியையும் பிடித்துவிடுகிறது. முப்பது, நாற்பது பேர் கயிறு பிடித்து இழுத்துக் கரையேற்றிய மடியை விரித்தால், மீனோடு மணியும் பாசியும் சேர்ந்து கிடக்கிறது. பச்சை மீனாக விற்றால் ஓரளவு கழுவிச் சமாளிக்கலாம். மிஞ்சியதைத்தான் பெண்கள் வாங்கிக் காயப்போடுகிறார்கள். இங்கே கருவாடு காய்வது மணலில். மணலின் சூடு அடியிலிருந்தும் வெயில் மேலிருந்தும் ஏறினால் ஒரே நாளில் சரசரவென்று காய்ந்துவிடும். அந்த மணலை இப்போது நம்ப முடியவில்லை. தார்ப்பாய் விரித்தால் அடிப்பக்கம் ஈரம் தங்கி, மறுநாள் வாடை மாறிவிடுகிறது. வாங்க வருகிற வியாபாரி கூடைக்குள் கையை விட்டு அளைந்து பார்க்கிறார். ஒரு மணி கண்ணில் பட்டால் போதும், முழுக் கூடைக்கும் விலை இறங்கிவிடும். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வாங்குகிறவரும் கேட்பாரே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிவாரணம் என்று பேச்சு வந்தால் கணக்கு படகில் தொடங்குகிறது. படகுக்குப் பதிவு உண்டு, வலைக்கு ரசீது உண்டு. முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் என்ன காகிதம் இருக்கிறது? அவள் இழந்த சாயங்காலங்களை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இது எங்களுக்கு மட்டும் வந்த கேடு என்றால் விதி என்று விட்டிருப்போம். இதே மணி, 2012-இல் புயலில் 6 கண்டெய்னர் விழுந்து ஹாங்காங் கரைகளில் 150 டன். 2017-இல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 49 டன். 2021-இல் எங்களுக்கு எதிரே, கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது ஏறக்குறைய 1,680 டன். 2023 டிசம்பரில் போர்ச்சுக்கல் அருகே கடலில் விழுந்த மூட்டைகள் அடுத்த மாதம் ஸ்பெயினின் கலீசியாக் கரையில் மணியாகச் சிதறின. கொழும்பு விபத்துக்கு 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2025 ஜூலை ஆகிவிட்டது. நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 மார்ச்சில் உங்கள் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சுற்றுச்சூழல் குழு இந்த மணிகளைப் பற்றிப் பேசி மூன்று விஷயங்களைப் பரிந்துரைத்தது. வழியில் அடிபட்டாலும் கிழியாத நல்ல மூட்டையில் அடைப்பது. இந்தப் பெட்டிக்குள் இருப்பது பிளாஸ்டிக் மணி என்று சரக்குத் தகவலில் தெளிவாகக் குறிப்பது. கண்டெய்னரைக் கப்பலின் கீழ்த்தளத்தில், அல்லது மேல்தளத்தில் அலை எட்டாத உட்பக்கத்தில் வைப்பது. மூன்றும் நல்லவை. படித்தபோது, இவ்வளவு எளிமையானதைச் செய்ய இத்தனை வருடமா என்றுதான் தோன்றியது.

ஆனால் அது பரிந்துரை. கேட்கிறவர் கேட்கலாம், விடுகிறவர் விடலாம். அங்கே "வேண்டும்" என்று யாரையும் கட்டவில்லை, எல்லாம் "லாம்"தான். நான் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். "லாம்" என்பதை "வேண்டும்" என்று மாற்றுங்கள். மீறினால் தண்டனை உண்டு என்று எழுதுங்கள்.

கப்பலே அடியில் போன பிறகு பெட்டி மேல்தளத்தில் இருந்தால் என்ன, கீழ்த்தளத்தில் இருந்தால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மூன்றும் சேர்ந்து கட்டாயமாக வேண்டும் என்கிறோம். மூட்டை கிழியாமல் இருந்தால், மூட்டையாகவே மிதந்து வருவதைப் படகில் போய்த் தூக்கி வந்துவிடுவோம். எங்கள் பையன்களுக்கு அது அரை நாள் வேலை. இந்தப் பெட்டியில் மணி இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், அது கரையைத் தொடும் முன் என்ன செய்வது என்று யோசிக்க ஒன்றிரண்டு நாளாவது கிடைத்திருக்கும். கார்பைடு ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இருந்ததால்தான் அது எத்தனை பெட்டி என்று உடனே எண்ணிச் சொல்ல முடிந்தது. மணிக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. மீன் முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்குகிற ஒன்று, தண்ணீரில் இருக்கும் நஞ்சைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிற ஒன்று, எத்தனை வருடம் ஆனாலும் மக்காத ஒன்று. இது ஆபத்து இல்லையென்றால் வேறு எது ஆபத்து?

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எங்கள் ஃபைபர் படகுக்குப் பதிவு எண் வேண்டும். படகில் ஏறுகிறவருக்கு அடையாள அட்டை வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருக வேண்டும் என்பதற்காக. அந்த நாட்களில் அடகு வைக்காத வீடு குறைவு. ஆனாலும் கட்டுப்படுகிறோம், மீன் பெருகினால்தான் பிழைப்பு என்று எங்களுக்கும் தெரியும். எங்களுக்கு எழுதிய எந்த விதியிலும் "லாம்" கிடையாது. ஆயிரம் ஆயிரம் டன் ஏற்றிக்கொண்டு எங்கள் கடல் வழியாகப் போகும் கப்பலுக்கு மட்டும் பரிந்துரையா? கொடி ஒரு நாட்டுடையது, உரிமையாளர் இன்னொரு நாடு, சரக்கு வேறு யாருடையதோ. மூழ்கிய பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வழக்கறிஞர் தேவைப்படுகிறார். துறைமுகம் வந்தால் வளர்ச்சி என்கிறார்கள், கப்பல் வந்தால் வளர்ச்சி என்கிறார்கள். வரட்டும். கரையில் காலங்காலமாக இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

சரி. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை மறுபடி பணிவோடு கேட்கிறேன். மூட்டை, தகவல், வைக்கும் இடம் என்று 2024-இல் நீங்களே ஒப்புக்கொண்ட மூன்றையும் கட்டாய விதியாக்குங்கள். பிளாஸ்டிக் மணியை ஆபத்துச் சரக்காக எண்ணுங்கள். அடுத்த முறை இதைப் பற்றிப் பேச உட்காரும்போது, கரையில் வேலை செய்யும் பெண்களில் ஒருவரையாவது அழைத்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். குமரியிலிருந்தும் வரலாம், நீர்கொழும்பிலிருந்தும் வரலாம், டர்பனிலிருந்தும் வரலாம். அவர்கள் சொல்லப்போவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஜூன் மாதத்திலிருந்து பொறுக்கிய மணிகளை மைனி ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு அடுக்களை ஜன்னலில் வைத்திருக்கிறார். பாட்டில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. குப்பையில் கொட்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மழை வந்தால் குப்பை ஓடைக்குப் போகும், ஓடை கடலுக்குப் போகும், திரும்ப நம் மடிக்கே வரும் என்றார். அதை எங்கே போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பதில் வரும்வரை அது ஜன்னலிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை