கட்டுப்பாட்டு அறையின் இரவுப் பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவானில் இரு பயணியர் விமானங்கள் அளவு மீறி நெருங்கிவிட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், பணியிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி மீது நடவடிக்கை என்ற வரியோடு பெரும்பாலும் அது முடிந்துவிடுகிறது. அவர் எத்தனை மணி நேரமாகத் திரையின் முன் அமர்ந்திருந்தார், துணைக்கு ஆள் இருந்தாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்க அனுமதி பெற்றுவிட்ட நிலையில், இக்கேள்வியை நாமும் கேட்டாக வேண்டும்.

29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் விமானங்களுக்கிடையே 1,000 அடி உயர வேறுபாடோ, அது இல்லையெனில் ராடார் கண்காணிப்பின்கீழ்ப் பொதுவாக 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் இடைவெளியோ இருக்க வேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்களுக்கு அந்த 9 கிலோமீட்டர் 20 விநாடிகூடத் தாங்காது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே 71 உயிர்கள் பலியான மோதலை இங்கே குறிப்பிட வேண்டும். இறந்தவர்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். அப்பகுதி வானைக் கவனித்த, சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில், உடனிருந்தவர் ஓய்வுக்குச் சென்றுவிட்டதால், ஒரே அதிகாரி இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணியால் முதன்மைத் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. ஆபத்தைத் தம் திரையில் கண்டுவிட்ட அண்டை மைய அதிகாரி எவ்வளவு முயன்றும் சூரிச்சைத் தொடர்புகொள்ள முடியவில்லை. கடைசி நிமிடத்தில் நிலைமையை உணர்ந்த சூரிச் அதிகாரி ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதே விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ மேலே ஏறச் சொன்னது. விமானி அதிகாரியின் சொல்லைக் கேட்டு இறங்கினார். மறு விமானம் தன் கருவியின் எச்சரிக்கைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் சூரிச் மையத்தை நடத்திய நிறுவனத்தின் ஊழியர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. சிறைத்தண்டனை (நிறுத்திவைக்கப்பட்டதுதான்) பெற்ற மூவரும் மேலாளர்கள். எனக்கு இது மிகவும் நியாயமான தீர்ப்பாகத் தோன்றுகிறது. இரவில் ஒற்றை ஆளை விட்டுவைப்பதை வழக்கமாக்கியவர்கள் அவர்களே அல்லவா?

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்ட பிறகே, டெல்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன; மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று. ஆனால் கருவி கடைசி அரண் மட்டுமே. அதற்கு முன்னால் நிற்க வேண்டியவர் உறங்காத, களைப்பில்லாத ஒரு மனிதர். கட்டுப்பாட்டு அதிகாரிகளின் பற்றாக்குறையையும் களைப்பையும் 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலையோடு சுட்டிக்காட்டியிருக்கிறது.

மதுரைக்குக் கூடுதல் விமானங்கள் வேண்டும், ஓடுபாதை நீள வேண்டும் என்று வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்பது முற்றிலும் நியாயம். அதே குரலில், மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும், நம் தலைக்கு மேல் உயரே பறக்கும் விமானங்களைக் கவனிக்கும் சென்னை மையத்துக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இரவுப் பணியில் மாற்று ஆள் உண்டா என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழும் இவ்விவரங்களை அதிகாரிகளிடம் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அவனியாபுரம், மதுரை.