ஓணம் ஆஃபரில் ஊசி

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் முகச்சுருக்க ஊசிகளைப் பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே படித்தேன். கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பொள்ளாச்சி டாக்டர் சீட்டும் வரும், பாலக்காட்டு டாக்டர் சீட்டும் வரும். ஒருவர் என்னை அக்கா என்பார், அடுத்தவர் சேச்சி என்பார். முகத்துக்கு என்ன போடலாம் என்ற கேள்வி மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதுவும் கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரும்.

"போடாக்ஸ் ஊசி சுருக்கத்தை உள்ளிருந்து நிரப்பிவிடும்" என்று கட்டுரையில் ஒரு வரி. நிரப்பாது. நிரப்புவது ஃபில்லர் என்ற வேறொரு ஊசி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டுவது மாதிரி. எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் சொந்தத் தங்கைக்கே இது தெரிந்திருக்கவில்லை.

அவள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், பாலக்காட்டுப் பக்கம் ஒரு பார்லரில் 'ஓணம் ஆஃபர், 3 ஏரியா 2,999' என்ற போர்டைப் பார்த்திருக்கிறாள். நெற்றி, புருவ நடு, கண்ணோரம், இந்த மூன்றுக்கும் சேர்த்து போடாக்ஸ் ஊசி. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவாராம். அன்று அந்த நாள் இல்லை. ஏதோ பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பெண், தட்டில் ஏற்கெனவே மருந்து ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சை எடுத்துக் குத்தியிருக்கிறாள். ஐந்தாம் நாள் காலையில் தங்கை போன் பண்ணினாள். "அக்கா, இடது கண்ணு முழுசாத் தொறக்க மாட்டேங்குது." பில்லை எடுத்து வா என்றேன். 'ஃபேஸ் டிரீட்மென்ட் – 1' என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, எத்தனை யூனிட் என்றும் இல்லை. பத்து ரூபாய் மாத்திரை அட்டைக்குக்கூட நான் பேட்ச் நம்பர் போட்டுத்தான் பில் தருகிறேன்.

பார்லருக்கு போன் போட்டேன். "தானே சரியாகிடும் சேச்சி" என்றார்கள். அது உண்மைதான், சரியாகிவிட்டது. ஆனால் ஐந்து வாரம் ஆனது. நிச்சயதார்த்தப் படம் அத்தனையிலும் தங்கை தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி நிற்கிறாள்.

போடாக்ஸ் மருந்தை நான் முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தது அழகுக்காக அல்ல. மூளைவாதம் உள்ள ஒரு பையனுக்குக் கெண்டைக்கால் இறுகி, குதிகால் தரையில் படாமல் நடப்பான். அவன் அப்பா கோயம்புத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலி என்றே நினைப்பீர்கள். அடியில் லேசாக ஒரு வெள்ளைப் படலம், அவ்வளவுதான் மருந்து. உள்ளே காற்று கிடையாது. அதனால் உப்புநீர் ஏற்றிய சிரிஞ்சைக் குத்தியதும் குப்பியே அதை இழுத்துக்கொள்ளும். இழுக்கவில்லையென்றால் அந்தக் குப்பியை வீசிவிட வேண்டும். கலக்கியதை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடச் சொல்கிறது லேபிள். தட்டில் காத்திருந்த தங்கையின் சிரிஞ்சில் இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்?

மருந்தின் பெயர் போட்டுலினம் டாக்சின். ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியில் உண்டாகி ஆளைக் கொன்ற அதே நஞ்சு. லத்தீனில் 'போட்டுலஸ்' என்றால் தொத்திறைச்சி, அதிலிருந்து வந்த பெயர்தான் இது. அந்த நஞ்சை மிக மிகச் சின்ன அளவில் தசைக்குள் போட்டால், 'சுருங்கு' என்று நரம்பு அனுப்பும் ரசாயனச் சேதி தசைக்குப் போய்ச் சேராது. தசை ஓய்ந்து கிடக்கும், மேலே தோல் மடியாது. மூன்று நான்கு நாளில் பிடிக்கத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழையபடி வேலைக்கு வந்துவிடும். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் என்றுதான் அமெரிக்காவில் 1989-ல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். கனடாவில் கரூதர்ஸ் தம்பதி, மனைவி கண் மருத்துவர், கணவர் தோல் மருத்துவர். கண்ணுக்கு ஊசி போட்டவர்களின் புருவக் கோடு மறைவதைக் கவனித்து 1992-ல் எழுதினார்கள். புருவக் கோட்டுக்கென்றே அனுமதி வந்தது 2002-ல். போடாக்ஸ் என்பது அதற்கு ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு கம்பெனியின் 20 யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் 20 யூனிட்டும் ஒன்றல்ல. போடாக்ஸின் லேபிள்படி புருவ நடுவுக்கு ஐந்து இடத்தில் 20, நெற்றிக்கு 20, கண்ணோரங்களுக்கு 24. கூட்டினால் 64 யூனிட். டாக்டர்கள் ஆளைப் பார்த்து இதைக் குறைப்பதும் உண்டு. ஆனால் 2,999 ரூபாய்க்கு அவ்வளவு மருந்து எனக்குக் கொள்முதல் விலையில்கூட வராது. அப்படியென்றால் தண்ணீரைக் கூட்டியிருக்க வேண்டும், அல்லது மருந்தே வேறாக இருக்க வேண்டும். இமை இறங்கியது தனிக் கணக்கு. புருவத்துக்குப் போட்ட மருந்து கொஞ்சம் கீழே கசிந்து இமையைத் தூக்கும் தசையைத் தொட்டால் இறங்கும். நல்ல டாக்டர் கையிலும் எப்போதாவது இப்படி ஆகும். ஆனால் அவர் அதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்; கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, தசை பலவீன நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டிருப்பார். தங்கையிடம் கேட்ட ஒரே கேள்வி, கேஷா ஜிபேயா?

அப்புறம் ஃபில்லர். சிரிக்கும்போதும் முறைக்கும்போதும் விழும் கோட்டுக்குத்தான் போடாக்ஸ். சும்மா இருக்கும்போதே கன்னம் ஒட்டி, மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை பள்ளம் தெரிந்தால் அதற்கு ஃபில்லர். வயதானால் தோல் மட்டும் தளர்வதில்லை, அடியிலுள்ள கொழுப்பும் வற்றுகிறது, எலும்பும் தேய்கிறது. அந்த இடத்தில் ஜெல்லை ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். நம் உடம்பிலேயே இருப்பது, தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை தாங்கும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான். ஜெல் தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். மூக்கையும் புருவ நடுவையும் சுற்றியுள்ள குழாய்களுக்குக் கண்ணின் குழாயோடு தொடர்பு உண்டு. பார்வையே போனவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட்டதும் தோல் திடீரென்று வெளுத்தாலோ, வலை பின்னியது மாதிரி நீலம் பாய்ந்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஹயலூரானிக் ஜெல்லைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது. அந்தக் குப்பி கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது. கால்சியம் கலந்த ஃபில்லர்களை அது கரைக்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'மதிய உணவு இடைவேளையில் இளமை' என்று தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில்.

என் அப்பா முப்பது வருடம் சித்தூரிலிருந்து திருச்சூருக்குக் கள் வண்டி ஓட்டியவர். இப்போது எழுபத்தாறு வயது. இடப்பக்கமிருந்து பார்த்தால் அறுபது சொல்லலாம். வலது கன்னம் மட்டும் கறுத்து, தடித்து, காய்ந்த கொட்டைப்பாக்கு மாதிரி வரிவரியாக இருக்கும். ஜன்னல் பக்கக் கன்னம். அமெரிக்காவில் 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு இடது கன்னம் அப்படி, அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். முகத்தைக் கிழமாக்குவதில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு எனக்கு அப்பா முகமே போதும். கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் சன்ஸ்கிரீனைத்தான் எடுத்து வைக்கிறேன். 'இதுல லாபம் கூடுதலோ?' என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார்!

தங்கைக்கு எதற்கு இந்த வயதில் இந்த ஆசை என்று உறவில் சிலர் சிரித்தார்கள். தலைக்கு டை அடித்துக்கொண்டு சிரித்தவர்களும் அதில் உண்டு. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவள் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காவிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் தனியாகப் பஸ் ஏறிப் போனாள்.

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டியிலாவது போடாக்ஸும் ஃபில்லரும் வேறு வேறு ஊசி என்று திருத்தம் போடுங்கள். குத்துபவரின் மருத்துவப் பதிவு எண்ணைக் கேட்கலாம், இணையத்தில் சரிபார்க்கலாம், குப்பியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லலாம், அதன் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் கல்யாணம். கார்த்திகையில் பொள்ளாச்சியில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப்போவதாகத் தங்கை சொல்கிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடப் போகிறேன், குப்பியைப் பார்க்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.