ஒற்றை நட்சத்திர டொக்டர்

அன்பின் மச்சான்,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. ஏசுவாய், ஏசு. வீட்டில் எல்லோரும் சுகம். உவர்மலையில் மழை தொடங்கிவிட்டது, பின்பக்க ஓடு இன்னும் ஒழுகுகிறது. மொட்டை மாஸ்டரைக் கோயில் வீதியில் கண்டேன். உன்னைத்தான் முதலில் கேட்டார், அதே சிரிப்போடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகனின் சின்னவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. டீவியை அலறவிட்டு, அதற்கு முன்னாலேயே போய் ஒட்டிக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஐந்து வயதில் இவ்வளவு திமிரா என்று நான் ஏசாத ஏச்சில்லை. “காதில் விழவில்லையோ?” என்று ஒருநாள் கத்தினேன். உண்மையிலேயே விழவில்லை மச்சான். முன்பள்ளி ரீச்சர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். வாத்தியாராக முப்பது வருஷம் இருந்த எனக்குத் தெரியவில்லை.

இங்கே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலேயே காட்டலாம் என்றேன். மகன் கொழும்புதான் என்று நின்றான். பிள்ளைகளின் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் டொக்டர்களின் பெயர்களைத் தேடி, கூகுளில் சனம் எழுதியதையெல்லாம் வாசிக்கும் வேலை எனக்கு. உனக்குத் தெரியும், கொத்துக்கடைக்குக் கூட நட்சத்திரம் பார்த்துப் போகிறவன் நீ. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று இரவு நித்திரையில்லை.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்கிறாய்? வாகனம் நிறுத்த இடமில்லை. நம்பர் எட்டு, உள்ளே போகும்போது இரவு பத்து மணி. நர்ஸ் முறைத்தாள். டொக்டர் பிள்ளைக்கு டொபி கொடுத்தார், தங்கமான மனுஷன். காது சுகமானதா என்று எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எட்டுப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஒருவர் கோபத்தில் ஒன்று போட்டால் சராசரி 4.6 ஆகிவிடும், அந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்று டொக்டர் பதில் எழுதவும் முடியாது, நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாதே. தமிழில் கதைப்பாரா என்பதைத்தான் நான் தேடினேன். அதை ஒருவரும் எழுதவில்லை.

ஒரு டொக்டருக்கு மட்டும் ஒரு தகப்பன் ஒற்றை நட்சத்திரம் போட்டு நீளமாகத் திட்டியிருந்தார். மருந்து ஒன்றும் எழுதவில்லையாம், மூன்று மாதம் கழித்து வா என்றாராம், வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று பொலிஸ்காரன் மாதிரி விசாரித்தாராம். இவர் வேண்டாம் என்று நான் ஒதுக்கிவைத்தேன். மற்றவர்களிடம் நம்பர் கிடைக்கவில்லை, மகன் இவரைத்தான் சனல் பண்ணி நம்பர் எடுத்தான்.

இரவு ரயிலில் போய் விடிய இறங்கினோம். டொக்டர் காதுக்குள் பார்த்தார், பிறகு ஒரு சின்ன மெஷினை வைத்து அழுத்தம் அளந்தார். அது கீறுகிற கோடு கோணேசர் மலை மாதிரி எழும்பி இறங்கவேண்டுமாம். இவளுக்கு இரண்டு காதிலும் நிலாவெளிக் கரை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது. மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் சின்னப்பிள்ளைகளுக்குக் கட்டை, சரிவும் குறைவு; தடிமன், சளி வந்தால் அடைத்துக்கொள்ளும். நோவில்லாததால் பிள்ளையும் சொல்லாது. தண்ணீருக்கடியில் இருந்து கேட்கிற மாதிரித்தான் இவ்வளவு நாளும் என் ஏச்சைக் கேட்டிருக்கிறாள்.

பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும், அன்ரிபயோட்டிக் தேவையில்லை என்றார். மனுசி பையில் உள்ளி காய்ச்சின எண்ணெய் கொண்டுபோயிருந்தாள். ஒரு சொட்டும் விடக்கூடாது என்று முகத்தில் சிரிப்பேயில்லாமல் சொன்னார். முகம் பார்த்துக் கதையுங்கள், வகுப்பில் முன்னுக்கு இருத்துங்கள், வற்றாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கலாம், அது பிறகு தானாக விழுந்துவிடும். எல்லாம் கொச்சைத் தமிழில், பொறுமையாக. அதற்குப் பிறகு கேட்டார்: வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது?

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னவள்தான் என் பொக்கற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அந்தப் புகையும் இதற்கு ஒரு காரணமாகலாமாம். திண்ணையில் இருந்து என் மடியில் அவளை வைத்துக்கொண்டு ஊதியதெல்லாம் ஞாபகம் வந்தது. கோட்டைச் சுவருக்குப் பின்னால் எனக்கு முதல் சிகரெட் நீட்டியவன் நீ, அதை இப்போது சொல்லிப் பிரயோசனமில்லை. ரயில் ஏறமுன் பெட்டியை எறிந்தேன். இன்றோடு எழுபத்தொரு நாள். மனுசி இன்னும் நம்பவில்லை, சட்டையை மணந்து பார்க்கிறாள்.

அந்தத் தகப்பன் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, பார். ஒவ்வொரு வரியும் சரி. நானும் எழுத இருந்தேன்: ஒரு மருந்தும் தரவில்லை, ஐந்து நட்சத்திரம். அழித்துவிட்டேன். காது இன்னும் சுகமாகவில்லையே.

வலது காது இப்போது பரவாயில்லை போலிருக்கிறது, அந்தப் பக்கம் மெதுவாகக் கூப்பிட்டாலும் திரும்புகிறாள். இடதுதான் யோசனை. அடுத்த மாதம் திரும்பப் போகிறோம். அப்புறம் ஒன்று கேட்கவேண்டும். உன் தங்கையின் பெடியனுக்குக் குழாய் வைத்தார்களே, அவனைத் தண்ணீரில் இறங்க விட்டார்களா? இவள் டச்சுக் குடாவில் குளிக்காமல் ஒரு ஞாயிறும் இருக்கமாட்டாள். தங்கையிடம் கேட்டு உடனே எழுது. லிங்க் அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி