ஆய்வறிக்கை கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆடிப்பட்டத்து நிலக்கடலை விழுப்புரம், திண்டிவனம் விற்பனைக்கூடங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பருவத்தில் எங்கள் தொலைபேசிக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "உங்கள் கடலை எண்ணெய்க்கு ஆய்வக அறிக்கை இருக்கிறதா? இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்."

இருக்கிறது, அனுப்புகிறோம். ஆனால் அதற்கு முன்னால் எங்களிடமும், எண்ணெய் விற்கும் வேறு எவரிடமும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆய்வுக்குப் போன மாதிரியை யார் எடுத்தார்கள், எங்கிருந்து, எவ்வளவு, எப்படி? ஆய்வறிக்கைகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள்: இந்த முடிவு எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வகம் தன் பொறுப்பை அந்த வரியோடு முடித்துக்கொள்கிறது. எங்கள் பொறுப்பு அதற்கு முன்பே, சாக்கு மூட்டையில் தொடங்குகிறது.

நிலக்கடலையில் எங்களுக்குப் பெரிய கவலை அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் போன்ற பூஞ்சணங்கள் உண்டாக்கும் நச்சு அது. காய் முற்றும் வேளையில் மழை பொய்த்து மண் காய்ந்தாலும், களைக்கொத்து பட்டு ஓடு உடைந்தாலும், பிடுங்கிப் போட்ட செடி மழையில் நனைந்து சரியாகக் காயாமல் போனாலும் பூஞ்சணத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. இந்த நச்சைக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியிருக்கிறது. வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. பதப்படுத்துவதற்காக வாங்கும் கொட்டைப் பருப்புகளில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரையும், அப்படியே உண்பவற்றில் 10 மைக்ரோகிராம் வரையும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. 15 மைக்ரோகிராம் என்றால் நூறு கோடிப் பங்கில் 15 பங்கு.

மரச்செக்கில் ஆட்டினால் இந்தக் கவலையே இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். எண்ணெய் விற்கிற நாங்களே சொல்லிவிடுகிறோம், அது சரியல்ல. ஆட்டும்போது நச்சின் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போய்விடுகிறது. ஒரு பங்கு எண்ணெயிலும் அதில் மிதக்கும் பொடியிலும் தங்கும். சுத்திகரிப்பு ஆலைகள் காரக் கரைசல் (ஆல்கலி) சேர்த்தும் வெளுக்கும் மண் கொண்டும் எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது அது நீங்கிவிடுகிறது. நாங்கள் அந்த வேலைகள் எதையும் செய்வதில்லை. நீங்கள் எங்களைத் தேடி வருவதே அதற்காகத்தான். ஆகவே செக்கில் ஏறும் பருப்பு நல்ல பருப்பாக இருந்தே தீரவேண்டும். பிறகு வடிகட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற இடமே எங்கள் தொழிலில் கிடையாது.

இனி மாதிரிக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. பானை முழுவதும் ஒரே நெருப்பில் வெந்தது. நிலக்கடலை மூட்டை அப்படியல்ல. ஆயிரக்கணக்கான பருப்புகளில் பூஞ்சணம் பிடித்தது ஒன்றோ இரண்டோ இருக்கும், பக்கத்துப் பருப்பில் ஒன்றுமே இருக்காது. கெட்ட அந்த ஒன்றில் நச்சு கொட்டிக் கிடக்கும். 1960களில் அமெரிக்காவில் பருப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கைத் தாண்டிய ஒற்றைப் பருப்பு கூட அகப்பட்டது.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு பருப்பு அரை கிராம் என்று கொள்வோம். 20 கிலோவில் 40,000 பருப்புகள். அவற்றில் மேலே சொன்னது போன்ற கெட்ட பருப்பு ஒன்றே ஒன்று கிடக்கிறது, மற்றவை எல்லாம் சுத்தம். அந்த ஒன்றில் மட்டும் 500 மைக்ரோகிராம் நச்சு. 20 கிலோவையும் சேர்த்து அரைத்தால் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம், வரம்பைத் தாண்டிவிட்டது. இப்போது அதே 20 கிலோவை அரைக்கிலோ பொட்டலங்களாகக் கட்டி ஒவ்வொன்றையும் ஆய்வுக்கு அனுப்புங்கள். 40 பொட்டலங்களில் 39க்கு "இல்லை" என்று அறிக்கை வரும். மீதி ஒன்றில் 1,000 மைக்ரோகிராம் வரும். நாற்பதும் பொய்யில்லாத அறிக்கைகள்தான், ஆனால் ஒன்றுகூட உங்கள் எண்ணெயைப் பற்றி உண்மை சொல்லவில்லை.

அரைக்கிலோ மாதிரியை நம்பி "அஃப்ளாடாக்சின் அறவே இல்லை" என்று டின்னில் அச்சடிக்க எங்களுக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். பன்னாட்டு உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ், பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளிலும் பெரிய சரக்குக்கு 100 இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து 20 கிலோ சேர்ப்பதே முறையாக இருந்து வந்திருக்கிறது. நாங்கள் ஏற்றுமதி செய்பவர்கள் அல்லர். ஆனாலும் அந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எடுக்கும் விதம் இது. வியாபாரத்தில் வழக்கமாகக் குத்தூசியை மூட்டையில் செருகி, அதன் பள்ளத்தில் விழும் பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள். விலை பேச அது போதும். நச்சைப் பார்க்கப் போதாது. மூட்டையை ஏற்றி இறக்கும்போது சுருங்கலும் உடைசலும் பொடியும் அடியில் இறங்கிவிடும், நச்சு அதிகம் தங்குவதும் அவற்றில்தான். குத்தூசி அடிவரை போகாவிட்டால் அவை கண்ணில் படுவதே இல்லை. கையால் அள்ளுவது இன்னும் மோசம். எவ்வளவு நேர்மையான ஆளானாலும் கை தானாக நல்ல பருப்பின் பக்கம் போகும். எனவே சலித்து, சொத்தையும் நிறம் மாறியதும் பொறுக்கிய பிறகு, பருப்பு செக்குக்கூடத்துக்குப் போகும் வழியில் அது விழுந்துகொண்டிருக்கும்போதே ஓர் அளவுக் கிண்ணத்தைக் குறுக்கே நீட்டிப் பிடிக்கிறோம். முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டைவரை சீரான இடைவெளியில் இது நடக்கும். கிண்ணத்தில் சொத்தை விழுந்தால் சொத்தையோடு மாதிரியில் சேரும், பொறுக்கி எறிய யாருக்கும் அனுமதி இல்லை. பொறுக்கும் வேலை செய்யும் பெண்களுக்கு இதில்தான் முதலில் சங்கடம்; பார்த்த கண் சும்மா இருக்குமா? அதனால் கிண்ணம் பிடிக்கும் பொறுப்பைப் பொறுக்கும் பிரிவில் இல்லாதவரிடம் கொடுத்திருக்கிறோம்.

சேர்ந்த 20 கிலோவிலிருந்து அரைக்கிலோவை அள்ளி அனுப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். முதலில் முழுவதையும் அரைக்கவேண்டும், அதன் பிறகுதான் பிரிக்கவேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களே அதிகம். முழுப் பருப்பாகப் பிரித்தால் அந்த ஒற்றைக் கெட்ட பருப்பு ஒரு பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். பொடித்துக் கலந்துவிட்டால் எல்லாப் பக்கமும் பரவிவிடும். நிலக்கடலையில் எண்ணெய் அதிகம் என்பதால் விடாமல் அரைத்தால் சூடேறிக் களியாகிவிடும். எனவே விட்டுவிட்டுக் கொரகொரப்பாக அரைக்கிறோம். அதைக் குவித்து, தட்டையாக்கி, நான்காக வகுந்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை நீக்கி, மீதியை மறுபடி குவித்து வகுந்து சிறிதாக்குகிறோம். கடைசியில் மிஞ்சுவதில் ஒரு பங்கு ஆய்வகத்துக்கு, ஒரு பங்கு பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் எடுத்து வைக்கும் காப்பு மாதிரி.

பொட்டலம் கட்டுவதிலும் கவனம் வேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் பூஞ்சணம் வழியிலேயே வளர்ந்து, எங்கள் கிடங்கில் இல்லாத நச்சு ஆய்வகத்தில் தோன்றிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்தால் சொல்லவே வேண்டாம். வெளிச்சமோ நச்சைச் சிதைத்துக் குறைத்துக் காட்டும். ஆகவே நன்றாகக் காய்ந்த பருப்பு, வெளிச்சம் புகாத உறை, முத்திரை, சரக்கு எண், எடுத்தவர் கையெழுத்து. ஆய்வகத்துக்கு எண் மட்டும் தெரிந்தால் போதும், எந்த ஊர்ச் சரக்கு என்று நாங்கள் எழுதுவதில்லை.

முடிவு பாதகமாக வந்தால்? தொழிலில் நடக்கும் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். இன்னொரு கை அள்ளி இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்புவது, அதுவும் தேறாவிட்டால் மூன்றாவது. தேறிய தாளை மட்டும் கோப்பில் வைப்பது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: சிறிய மாதிரியாக எடுத்தால் பெரும்பாலும் அடுத்ததே தேறிவிடும். எங்கள் கூடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். சரக்கை மறுபடி சலித்துப் பொறுக்காமல் மறு மாதிரி எடுக்கக்கூடாது. பழைய அறிக்கையும் புதியதும் ஒரே கோப்பில் இருக்கும். இரண்டாம் முறையும் தேறாத சரக்கு செக்கில் ஏறாது, தீவனத்துக்கும் போகாது. நச்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் சேர்கிறது என்றோமே, அதைத் தின்ற மாட்டின் பாலில் அது வேறு வடிவில் வெளிவரும்; பாலுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்த பிறகுதான் உலகம் இந்த நச்சையே அடையாளம் கண்டது. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்தது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு.

எண்ணெயில் மாதிரி எடுப்பது இவ்வளவு கடினமில்லை. தெளிய வைத்த தொட்டியில் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்தால் போதும். மேலே மட்டும் எடுத்தால் வண்டல் கணக்கில் வராது. ஈரமில்லாத பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுகிறோம். காற்றும் வெளிச்சமும் பட்டால், எண்ணெய் காறத் தொடங்குவதைக் காட்டும் பெராக்சைடு அளவு ஏறும், ஈரம் இருந்தால் அமில அளவு ஏறும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வாசனை மாறியிருக்கிறது என்று உங்களில் சிலர் வீட்டு எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள், வரவேற்கிறோம். ஆனால் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அனுப்பினால், ஊறுகாய் இருந்த சீசாவில் அனுப்பினால், நாங்கள் ஆய்வது அந்தச் சீசாவைத்தான். முடிந்தவரை வாங்கிய டின்னிலேயே, மூடியோடு, சரக்கு எண் தெரியும்படி கொடுங்கள். அடுப்படியிலோ வெயில் விழும் சன்னலிலோ வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அதே எண்ணுள்ள எண்ணெயின் காப்பு மாதிரி எங்கள் இருட்டு அலமாரியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் கூடத்தில் நேர்ந்ததா, வழியில் நேர்ந்ததா, வீட்டில் நேர்ந்ததா என்று தெரியவரும்.

எங்கள் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். வாங்கும்போதே "சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடவேண்டும். 14 நாளில் அறிக்கை கிடைக்கவேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்ப வரும். கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. எங்களிடம் அப்படிச் சொல்லி வாங்குபவர்களை நாங்கள் முறைத்துப் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்கும்போது நான்காகப் பிரித்து முத்திரையிடுவதையும் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் காப்புக்கு. நான்காவதை, நாங்கள் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு வழக்கு என்று வந்தாலும் இரு தரப்புக்கும் ஒரே சரக்கு சாட்சியாக இருக்கும்.

இவ்வளவு செய்வதால் இரண்டு சங்கடங்கள் உங்களுக்கு வருகின்றன. மாதிரிக்காக அரைத்த பருப்பு எண்ணெயாவதில்லை, அந்தச் செலவு விலையில்தான் ஏறுகிறது. அடுத்தது, காத்திருப்பு. அறிக்கை வரும்வரை சரக்கு கிடங்கிலேயே நிற்கும். "செக்கு சும்மாதானே இருக்கிறது, ஆட்டிக் கொடுங்களேன்" என்று நேரில் வந்து கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இந்த மழைப் பருவச் சரக்குக்கு மாதிரி போயிருக்கிறது. முன்பணம் கட்டியவர்களுக்கு அறிக்கை வந்ததும் குறுஞ்செய்தி அனுப்புவோம். அதுவரை மார்கழிப்பட்டத்துப் பருப்பில் ஆட்டிய பழைய எண்ணெய் லிட்டர் அளவில் கிடைக்கும். டின்னின் அடியில் அச்சிட்டிருக்கும் சரக்கு எண்ணை அனுப்பினால், அந்தச் சரக்கின் அறிக்கையோடு மாதிரி எடுத்த நாள், எடை, எடுத்த விதம் எழுதிய தாளையும் சேர்த்து அனுப்புகிறோம். காலி டின்னை எறிவதற்கு முன் எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
செக்குக்கூடத்தார்