மீற்றரைப் பார்த்த பிறகு அட்வான்ஸ்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

நான் நலம். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு காலமும் எங்கே செத்துப்போனாய் என்று நீ ஏசத் தொடங்க முதல் விசயத்துக்கு வருகிறேன். மூத்தவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டதாமே! பெரியக்கா போனில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணக்கு வாத்தியாரைக் கண்டால் மதில் ஏறிப் பாய்ந்த உனக்கு ஒரு கணக்காளர் மகள். வாத்தியார் இருந்திருந்தால் நேரில் பார்க்க வந்திருப்பார்.

அவள் அனெக்ஸ், அதாவது ஒரு வீட்டின் பகுதியை வாடகைக்குத் தேடுகிறாள் என்றும் அக்கா சொன்னார். அதுதான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரி சரி" என்று பாதியில் வைத்துவிடுவாய்.

வாடகையைச் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தில் சமாளிக்கலாம் என்று முடிவெடுக்காதே. இங்கே ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பவர்கள் நிறையப் பேர். அது மாதாமாதம் கழிகிற காசா, வெளிக்கிடும்போது திரும்பி வருகிற காசா என்பது அக்றிமென்டில் எழுத்தில் இருக்க வேண்டும். மாடிக் குடியிருப்பு என்றால் லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி என்று பராமரிப்புக் காசு தனியாக வரும். சமையல் காஸ், தண்ணீர், இன்டர்நெட் செலவெல்லாம் ஓரளவு கைக்குள் அடங்கும். அடங்காதது கரண்ட்.

நான் இப்போது இருப்பது ஒரு வீட்டின் மேல்மாடி. கரண்ட் பில் வருகிற மீற்றர் ஒன்றுதான், வீட்டுக்காரர் பெயரில். எனக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன சப் மீற்றர், மேல்மாடி எரிக்கிற யூனிட்டை மட்டும் காட்டும். மாத முடிவில் அவர் டோர்ச் அடித்து இலக்கத்தைப் பார்த்து சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். அதில் ஒரு யூனிட் கூடக் கூட்டி எழுதமாட்டார், நல்ல மனிதர். ஆனால் யூனிட்டைப் பெருக்குகிற விலையில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

2025 ஜூன் மின்கட்டணப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபாப்படி. அதற்கு மேல் எரிக்கிற யூனிட்டுக்கு 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. மாதாந்த நிலையான கட்டணமும் படிக்குப் படி ஏறும்: 90க்குள் நின்றால் 400 ரூபா, 180ஐத் தாண்டினால் 2,100.

இப்போது பார். மகள் 80 யூனிட் எரிக்கிறாள், கீழே வீட்டுக்காரர் குடும்பம் 160 எரிக்கிறது என்று வை. அவளுக்குத் தனி மீற்றர் இருந்தால் பில் 1,535 ரூபா, வரி சேர்க்காமல். ஒரே மீற்றர் என்றால் மொத்தம் 240 யூனிட், பில் 10,260. அதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே 3,420. "உங்களால்தானே கடைசிப் படிக்கு ஏறியது" என்று 80 யூனிட்டையும் 61 ரூபாப்படி போட்டால் 4,880! எரித்தது அதே ஒரு ஃபேன், ஒரு பிரிட்ஜ், இரண்டு லைட்.

எங்கள் வீட்டில் இந்தக் கடைசிக் கணக்குத்தான் நடந்தது. போன மாதம் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரோடு இருந்து பேசினேன். அவரும் பென்சன்காரர். 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதம் என்று கட்டணம் ஏறியபோது அவருடைய பென்சன் அப்படி ஏறவில்லை. பிறகு குறைந்தது, 2025 ஜனவரியில்கூட 20 சதவீதம் குறைத்தார்கள். ஜூனில் திரும்ப 15 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பயத்தில் மேல்மாடியின் தலையில் பாரத்தைப் போட்டிருக்கிறார். கடைசியில் யூனிட் விகிதப்படி பிரிப்பது என்று முடிவாகியது. எனக்கு அதுவும் நியாயமாகப் படவில்லை; ஆனால் மாதாமாதம் முகத்தைப் பார்க்க வேண்டிய மனிதர்.

ஆகவே மச்சான், அவள் பார்க்கிற அனெக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது மீற்றர். தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு வாடகை இரண்டாயிரம் கூட என்றாலும் அதையே எடுக்கச் சொல். சப் மீற்றர்தான் என்றால் எந்தக் கணக்கில் காசு எடுப்பார்கள் என்று அட்வான்ஸ் கொடுக்க முதலே எழுதி வாங்க வேண்டும். மாதாமாதம் வீட்டுக்காரருக்கு வருகிற கரண்ட் பில்லையும் கண்ணால் பார்க்க வேண்டும். குடிவந்த அன்றே மீற்றர் இலக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்கும் படிக்குப் படிதான் விலை, அதையும் கேட்கட்டும்.

புதுப் பிள்ளை, கேட்க வெட்கப்படுவாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுக்கிற ஆசையில் வருகிறவள், அந்தக் காசு யாரோ வீட்டு ஏசிக்குப் போகக்கூடாது. நினைக்கவே எனக்கு மனம் கேட்கவில்லை.

என்னுடைய நம்பரை அவளுக்குக் கொடு. எந்தச் சனிக்கிழமை என்றாலும் கூடப் போய்ப் பார்த்துக் கேட்கிறேன். தெஹிவளைப் பக்கத்தில் ஒரு வீடு காலியாகிறதாம், நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன். அவள் வரும்போது ஒடியல் மா கொடுத்துவிட மறக்காதே.

அன்புடன்,
உன் மேல்மாடிக்காரன்