ஹாரி பெலஃபாண்டியின் கதை 1956-இல் முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபாண்டியைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவர் குரலைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் எனக்கு, தமிழில் அவரைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய மகிழ்ச்சி. ஆயினும் கட்டுரையில் ஒரு தகவல் பிழையும், அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பிழை. 1954-இல் வெளிவந்த ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்தில் பெலஃபாண்டி தம் சொந்தக் குரலில் பாடியதாகக் கட்டுரை கூறுகிறது. அந்தப் படத்தின் இசை, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் ஓபெரா என்னும் இசை நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு ஓபெராப் பயிற்சி பெற்ற குரல்களே வேண்டும் என்று படக்குழுவினர் முடிவு செய்ததால், பெலஃபாண்டிக்கு லெவெர்ன் ஹட்சர்சனும், கதாநாயகியாக நடித்த டோரத்தி டாண்ட்ரிட்ஜுக்கு மேரிலின் ஹார்னும் பின்னணி பாடினார்கள். நாடகமேடையில் தம் திறமைக்காக அதே ஆண்டு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது பெற்ற ஒரு பாடகர், திரையில் வேறொருவர் குரலுக்கு வாயசைக்க நேர்ந்தது.

‘கலிப்சோ மன்னர்’ என்ற பட்டத்தையும் கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்கிறது. கலிப்சோ என்பது கரீபியத் தீவான டிரினிடாட்டின் பாட்டு வகை. அங்கே அது போட்டியில் வென்றவருக்குரிய பட்டம். பெலஃபாண்டிக்கு அதைச் சூட்டியது இசைத்தட்டு வணிகம். அதை ஏற்பதில் அவருக்கே தயக்கம் இருந்தது. அவரை உலகறியச் செய்த வாழைத்தார்ப் பாட்டு உண்மையில் ஜமைக்காவின் நாட்டுப்புறத் தொழிற்பாட்டு. துறைமுகத்தில் இரவு முழுவதும் கப்பலில் தார் ஏற்றிய கூலியாட்கள், விடிந்ததும் தார்களை எண்ணிக் குறிக்கும் கணக்குப்பிள்ளையை அழைத்து, எண்ணி முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பாடுகிறார்கள். 1927-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தாலும், சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் பாட்டியிடம் வளர்ந்தவர் பெலஃபாண்டி. அந்த உழைப்பாளிகளின் உலகம் அவருக்குக் கேள்வி ஞானம் அன்று. 1956-இல் வந்த ‘கலிப்சோ’ இசைத்தட்டு, அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் பெரும்பாலான பாடல்களை எழுதுவதில் பங்கு கொண்ட இர்விங் பர்ஜியின் பெயரைக் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். பிற்காலத்தில் பார்படோஸ் நாட்டுப் பண்ணுக்கு வரிகள் எழுதியவர் அவர்.

இனி பெருங்குறை. 1956-க்குப் பிந்தைய அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வாழ்வைக் கட்டுரை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டது. புகழின் உச்சியில் இருந்தபோதும், கறுப்பினத்தவர் என்பதால் மன்ஹாட்டனில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வெள்ளையர் ஒருவர் மூலம் இடம்பிடித்துக் குடியேறினார். கட்டட உரிமையாளர் வெளியேற்றப் பார்த்தபோது, அந்தக் கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நியூயார்க்கில் இன்னொரு வீடு போல இருந்தது அதுதான். 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் இன ஒதுக்கலை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறைப்பட்டவர்களின் பிணைத்தொகைக்கு நிதி திரட்டியதிலும், குடும்பம் நிர்க்கதியாகக் கூடாதென்று கிங்கின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து வைத்ததிலும் பெலஃபாண்டியின் கை இருந்தது.

எல்லாவற்றிலும் என் நெஞ்சைவிட்டு அகலாதது 1964 ஆகஸ்டு நிகழ்ச்சி. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணிக்குச் சென்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டு, அவர்களுடைய உடல்கள் கிடைத்த சில நாட்களில், அங்கே தொடர்ந்து பணியாற்றிய மாணவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. சுமார் 70,000 டாலரை ரொக்கமாகத் திரட்டிய பெலஃபாண்டி, தம் நண்பரும் நடிகருமான சிட்னி பாய்ட்டியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சிறு விமானத்தில் அந்த மாநிலத்தின் கிரீன்வுட் ஊருக்குப் போனார். இருட்டில் அவர்களுடைய காரைக் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் துரத்தி வந்து இடித்தார்கள். இருவருமே அப்போது உலகப் புகழ் பெற்றவர்கள். பணத்தை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஒரு பாடகரின் வாழ்க்கைக் கட்டுரையில் இதற்கு இடமில்லை என்றால், வேறு எதற்கு இடம் தருவது?

1968 பிப்ரவரியில் ஒரு வாரம் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியை அவர் நடத்தியபோது, கிங்கும் அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடியும் விருந்தினராக வந்தார்கள். ஏப்ரலில் கிங்கும் ஜூனில் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் பெலஃபாண்டி ஓயவில்லை. 1985-இல் ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக அமெரிக்கப் பாடகர்கள் ஒன்றுகூடிப் பாடிய பாட்டுக்கு வித்திட்டதும், 1987 முதல் யுனிசெஃப்பின் நல்லெண்ணத் தூதராக இருந்ததும், 2018-இல் தொண்ணூற்றொரு வயதில் திரையில் தோன்றியதும் தனித்தனியே எழுதத்தக்கவை. 2023 ஏப்ரல் 25 அன்று தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆகவே, பின்னணிக் குரல் குறித்த பிழைக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறும், 1956-க்குப் பிந்தைய பெலஃபாண்டியைப் பற்றி இரண்டாம் பகுதி ஒன்றை அதே கட்டுரையாளரைக் கொண்டே எழுதச் செய்யுமாறும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய நடை அதற்கு ஏற்றது.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்